எமது ஆச்சி நட்டவை

ஆச்சியின் முப்பத்தோராம் நாளன்று அச்சிட்ட நினைவு மலரில் அவரது வாழ்க்கை வரலாறு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பிறந்தது 1925, மணம் முடித்தது 1944, பிள்ளைகள் எழுவர், பேரப்பிள்ளைகள் பத்தொன்பது பேர், பூட்டப்பிள்ளைகள் பதினொரு பேர், மறைந்தது 2019 ஆவணி. மலரை எழுதித் தந்த ஆசிரியர் 'அன்பின் உறைவிடம்' என்றும் 'குடும்ப விளக்கு' என்றும் எழுதியிருந்தார். அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொற்களை எவருடைய ஆச்சிக்கும் எழுதலாம். அன்றிரவு பேரப்பிள்ளைகளான நாம் முற்றத்தில் பாய் விரித்திருந்து கதைத்தபோது எல்லோர் வாயிலும் வந்தது வேறொரு கதை. ஆச்சி எந்த இடத்தில் எதை நட்டார் என்ற கதை அது. தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டு நடந்த குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல. இருந்தும் எழுதுகிறோம்.

செம்மண் தோட்டம்

ஆச்சியின் ஊர் வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். ஆறில்லாத குடாநாட்டில் மாரி மழை அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்கினால்தான் கோடையில் தோட்டம். அவருக்குச் சீதனமாக வந்தது பன்னிரண்டு பரப்புத் தோட்டக்காணி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் முக்கால் ஏக்கர். நொத்தாரிசு கையால் எழுதிய உறுதியில் காணியின் நான்கு எல்லைகளோடு, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும் துலா, வழிவாய்க்கால் உரிமையும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை ஆச்சி மனப்பாடமாகச் சொல்லுவார். நிலத்தைவிடத் தண்ணீர்ப் பங்குதான் பெரிது என்பது அவருடைய எண்ணம்.

அந்த நாளில் இறைப்பு என்பது துலா மிதிப்பு. இருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். பாத்திக்குப் பாத்தி மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பி விடுவது ஆச்சி. மூன்று பங்காளருக்குள் முறை மாறி வருவதால் சில நாட்களில் விடியற்புறம் மூன்று மணிக்கே இறைப்புத் தொடங்கிவிடும். புகையிலை காசுக்கு, வெங்காயமும் மிளகாயும் காசுக்கும் கறிக்கும், வேலியோரம் மரவள்ளி, இடையிடையே குரக்கன். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாங்குவதற்காகக் காணியை ஈடு வைக்கலாம் என்று அப்பு கேட்டபோது, ஆச்சி கையிலிருந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தார். உறுதியைக் கொடுக்கவில்லை. தேசவழமைப்படி சீதனக்காணி பெண்ணுடையது. அதை அவள் விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவளுடைய கையெழுத்து இல்லாமல் கணவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டத்தின் முதற் பாதியை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆச்சிக்கு இரண்டாம் பாதியும் தெரிந்திருந்தது.

1970க்குப் பின் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகள் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம். எமது மண்வீடு கல்வீடானது அப்போதுதான். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. அடுத்த ஆண்டு அப்புவும் போய்விட்டார். ஐம்பத்துமூன்று வயதில் ஆச்சி தனியாகத் தோட்டம் செய்யத் தொடங்கினார்.

ஆச்சியைத் தெய்வமாக்கி எழுத எமக்கு விருப்பமில்லை. மூத்த மகளை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் மறித்தவர் அவர்தான். அவர் எம்மில் சிலருக்குப் பெரியம்மா, சிலருக்கு மாமி. இங்கே பெரியம்மா என்றே எழுதுகிறோம். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை. வெங்காயம் கிண்டும் காலத்தில் வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மறித்தார்கள். பிறகு மறித்தது மறித்ததாகவே போயிற்று. அவருக்குப் பின் வந்த ஆண்பிள்ளைகள் படித்தார்கள்; ஒருவர் ஆசிரியரானார். பெரியம்மா கரவெட்டியில் மணம் முடித்துப் போனபின் தாய்வீட்டுக்கு வருவது நல்லநாள் பெருநாளுக்கு மட்டும்தான். வந்தாலும் தாயோடு கதைப்பது குறைவு.

இடம் மாறிய தோட்டம்

1990 ஆனியில் ஊரை விட்டு எழும்பியபோது ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொட்டிலில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயம் அப்படியே நின்றது. ஆச்சி கையில் எடுத்தது இரண்டு. ஒன்று, உறுதி வைத்த பிஸ்கற் தகரம். மற்றது, விதைப்பேணி.

மல்லாகத்துக்கு அருகே உறவினர் ஒருவரின் வளவில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஆச்சி கிணற்றடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நாலு முழப் பாத்தி, கீரை விதை. குளிக்கிற தண்ணீர் ஓடிப் போகும் பக்கமாகப் பார்த்துப் போட்டிருந்தார். இடம்பெயர்ந்த இடங்களில் ஆச்சியின் ஒழுங்கு இப்படித்தான் இருந்தது. முதலில் கீரை. அது ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். ஒரு மாதம் கடந்தும் அங்கேயே இருந்தால் பயற்றை. அதற்கு இரண்டு மாதம். ஆறு மாதம் போனால் மரவள்ளித் தடியும் முருங்கைத் தடியும் வாழைக்குட்டியும். அதற்கு மேல் போகமாட்டார். தென்னை, மா, பலா எதையும் பிறர் காணியில் நடவே மாட்டார்.

"மரம் வைச்சா உரிமை கேக்கிற மாதிரி மோனை. இருக்க விட்டவைக்கு வழக்கைக் குடுத்திட்டுப் போகக் கூடாது" என்பார்.

அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது என்பது எமக்குப் பின்னர்தான் விளங்கியது. தென்னை நடுவது ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

தொண்ணூறுகளில் பசளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்ததை இதைப் படிக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்த காலம். இளம் தோட்டக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஆச்சிக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பூவரசங்குழையை வெட்டிப் பாத்திக்குள் தாழ்த்தினார். ஆட்டுப் புழுக்கையையும் சாம்பலையும் சேர்த்தார். விதையெடுப்பில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பயற்றையில் முதற் பிடுங்கலைக் கறிக்கு விட்டுவிடுவார். இரண்டாம் தரம் காய்ப்பதில் நீளமாய், பூச்சி தொடாததாய்ப் பார்த்துத் துணி முடிந்து அடையாளம் வைப்பார். அது கொடியிலேயே நெற்றாக வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் வெயில், ஒரு நாள் நிழல். காய்ந்ததா என்று பல்லால் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் இன்னும் வெயில் வேண்டும். அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து பேணியில் நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி விடுவார். வண்டு விழுந்து நாம் கண்டதில்லை.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவை இங்கே விரிக்கத் தேவையில்லை. அந்த மழையும், செம்மணியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனமும் இதைப் படிப்பவர் பலரின் கால்களுக்குத் தெரியும். எழுபது வயது ஆச்சி சயிக்கிளின் பின் இருக்கையில் இருக்க மறுத்து, அதில் அரிசி மூட்டையை வைக்கச் சொல்லிவிட்டு நடந்தார். விதைப்பேணி இரண்டு பொலித்தீன் பையால் சுற்றப்பட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

தென்மராட்சியில் மூன்று மாதம். அங்கு கீரையும் பயற்றையும் மட்டும். வன்னிக்குப் போவது என்று முடிவானபோது ஆச்சி பேணியை அவிழ்த்து விதையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைப் பழைய சீலைத் துண்டில் முடிந்து சின்ன மாமாவிடம் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய்க் கரவெட்டியிலை மூத்தவளிட்டைக் குடு. எல்லாத்தையும் ஒரு பேணிக்குள்ளை வைக்கக் கூடாது." மாமா சயிக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பெரியம்மா ஒன்றும் கதைக்கவில்லை, வாங்கி வைத்தார் என்று வந்து சொன்னார்.

வன்னியும் ஒரு தென்னம்பிள்ளையும்

1996 தையில் கிளாலிக் கடலைத் தாண்டினோம். அந்த ஆண்டே கிளிநொச்சியையும் விட்டு அக்கராயன் பக்கம் போனோம். அங்கே காட்டோரமாக அரை ஏக்கர் துண்டொன்றில் இருக்க இடம் கிடைத்தது. மலேரியாக் காய்ச்சல் எம்மில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆச்சிக்குச் செம்மண் தெரியும், துலா தெரியும், வயல் தெரியாது. எழுபத்தொரு வயதில் அயலிலிருந்த வன்னி விவசாயக் குடும்பம் ஒன்றிடம் பெரும்போக விதைப்பையும் வரம்பு கட்டுவதையும் கேட்டுக் கேட்டுப் படித்தார். பதிலுக்கு அவர்களுக்குப் பயற்றை விதை கொடுத்தார். காட்டுப்பன்றி மரவள்ளியை இரண்டு தரம் கிண்டிக்கொண்டு போனது. மூன்றாம் தரமும் நட்டுவிட்டு, "முந்தி நட்டது அவைக்கு, இது எங்களுக்கு" என்றார். மூன்றாம் தரமும் பன்றிக்குத்தான் போயிற்று.

2002 சித்திரையில் ஏ9 வீதி திறந்தவுடன் ஆச்சி பேருந்தில் யாழ்ப்பாணம் போனார். எம்மில் இருவர் கூடப் போனோம். ஊருக்குப் போகும் வீதியில் ஓரிடத்தில் முட்கம்பி போட்டிருந்தது. அதற்கப்பால் உயர் பாதுகாப்பு வலயம். ஆச்சி கம்பிக்கு இப்பால் கொஞ்ச நேரம் நின்றார். எங்கள் பக்கத்துப் பனைகள் தெரிகின்றனவா என்று கேட்டார். பற்றை வளர்ந்து கிடந்தது, தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த ஆண்டு மாரி தொடங்கியபோது அக்கராயன் வளவில் ஆச்சி மூன்று முழக் குழி வெட்டச் சொன்னார். பொச்சுமட்டையும் உப்பும் அடியில் போட்டு, ஒரு தென்னம்பிள்ளையை வைத்து மண்ணணைத்தார். யாரும் காரணம் கேட்கவில்லை. எமது அம்மாமார் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளாக எமக்கெல்லாம் 'அடுத்த பொங்கல் ஊரிலை' என்று சொல்லி வந்தவர் அவர்தான்.

2008இன் பிற்பகுதியில் அந்த வளவையும் விட்டுக் கிழக்கே நகரத் தொடங்கினோம். 2009 வைகாசி வரையான அந்த மாதங்களை இங்கே எழுதப் போவதில்லை. நினைவு மலரில் பேரப்பிள்ளைகள் பத்தொன்பது என்று அச்சிட்டிருந்தோம். இருப்பவர்கள் பதினெட்டுப் பேர். பெயரைக் குறைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. விதைப்பேணி ஒரு பதுங்குகுழியில் போயிற்று. எடுத்து வர நேரம் இருக்கவில்லை. உறுதி மட்டும் பொலித்தீனில் சுற்றி ஆச்சியின் இடுப்பில் இருந்தது.

செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் ஆச்சிக்கு வயது எண்பத்துநான்கு. கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் ஒரு சாண் நிலம். நிவாரணத்தில் வந்த செத்தல் மிளகாயை உடைத்து விதை எடுத்து, முகம் கழுவும் தண்ணீர் விழும் இடத்தில் தூவினார். முளைத்தது ஏழு கன்று. ஒன்றுதான் காய்த்தது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு முதற் காய்களைப் பிடுங்கிக் கொடுத்தது எமக்கு நல்ல நினைவு.

எல்லை தேடிய நாட்கள்

2010இல் யாழ்ப்பாணம் வந்து சுன்னாகத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். 2015 சித்திரையில் வலிகாமம் வடக்கில் விடப்பட்ட காணிகளுள் ஆச்சியின் துண்டும் இருந்தது. (எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அந்தப் பிரதேசத்தில் இன்னும் விடுபடாத காணிகள் உண்டு.) இருபத்தைந்து ஆண்டுப் பற்றைக்குள் எமது கல்வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. வேலிக் கதியால், ஒழுங்கை, அயல் வீடு ஒன்றுமில்லை. உறுதியில் எல்லையாக எழுதியிருந்தது நான்கு அயலவரின் பெயர்கள். மூவர் இறந்துவிட்டார்கள், ஒருவரின் பிள்ளைகள் கனடாவில். அந்த உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நின்று எதை அளப்பது?

ஆச்சியைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். "கிணத்தைத் தேடுங்கோ" என்றார். மண்ணும் கல்லும் இட்டு முக்கால்வாசி தூர்ந்திருந்தாலும், சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய கிணற்றின் வாய் அழியவில்லை. அதைக் கண்டபின் எல்லாம் எளிதாயிற்று. கிணற்றடியிலிருந்து தெற்கு எல்லைக்கு எத்தனை பாகம், வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பும், அதற்கப்பால் யாருடைய புகையிலை என்று கதிரையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, எமது தம்பிமார் தடி நாட்டிக்கொண்டு போனார்கள். பின்னர் நில அளவையாளர் வந்து அளந்தபோது வித்தியாசம் ஒரு முழத்துக்குள் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறோம். உறுதியைத் தொலைத்தவர்கள் காணியே போய்விட்டது என்று எண்ணத் தேவையில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இவற்றுள் தெரிந்ததைக் கொண்டுபோய் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கிழவர் கிழவிகளிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். எல்லை அயலவர் பெயர், கிணற்றுப் பங்கு, வாய்க்கால் வழி ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எமது ஆச்சிக்கு நினைவு தப்பாதிருந்தது எமது புண்ணியம்.

பற்றை வெட்டி, கிணறு தூர்வாரி, தகரக் கொட்டில் போட்டு முடிய ஆச்சி நடச் சொன்னது என்ன தெரியுமா? கீரை.

"ஆச்சி, இது எங்கடை சொந்தக் காணி" என்றோம்.

"பாப்பம்" என்றார்.

இரண்டு கிழமை கழித்துப் பெரியம்மா கரவெட்டியிலிருந்து வந்தார். அறுபத்தொன்பது வயது. கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். சாம்பலுக்குள் பயற்றை விதை. 1996இல் சீலைத் துண்டில் போன அந்த விதையைப் பத்தொன்பது ஆண்டுகளாக வருடம் தவறாமல் போட்டு, நெற்றெடுத்து, புதுப்பித்து வைத்திருக்கிறார். எம்மில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆச்சி ஒரு விதையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். அவருக்கு அப்போது எஞ்சியிருந்தது நாலைந்து பல். "நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்றார். பெரியம்மா அன்று திரும்பிப் போகவில்லை. அன்றிரவு தாயும் மகளும் கதைத்ததை முப்பத்தோராம் நாளன்றுதான் பெரியம்மா எமக்குச் சொன்னார். "உன்னைப் படிக்க விட்டிருக்கலாம்" என்று ஆச்சி சொன்னாராம். "அப்ப வெங்காயம் ஆர் கிண்டுறது?" என்று இவர் கேட்டாராம். இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

2016இல் ஆச்சி நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்துக் காணியைப் பிரித்து எழுதினார். சீதனம் வாங்கிப் போன பெண்ணுக்குத் தாய்வீட்டில் பிறகு பங்கில்லை என்பது பழைய வழமை. பெரியம்மாவுக்கு 1965இலேயே வேறு காணி சீதனமாகப் போயிருந்தது. இருந்தும் ஆச்சி அவர் பெயருக்கு இரண்டு பரப்பை நன்கொடை உறுதியாக முடித்தார். மாமாமார் இருவருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் சில மாதம் வீட்டுக்கு வரவும் இல்லை. ஆச்சி அசையவில்லை. தமது கிணற்றுப் பங்கை மட்டும் பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவித்தார். யாரும் யாருடைய வாய்க்காலையும் மறிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு வரி.

அதற்கடுத்த ஆண்டு, 2017 ஐப்பசியில், கிணற்றுக்கு வடக்கே குழி வெட்டச் சொன்னார். மூன்று முழம். பொச்சுமட்டை, உப்பு. தொண்ணூற்றிரண்டு வயதில் குனிய முடியாது. தென்னம்பிள்ளையைத் தொட்டுக் கொடுக்க, பூட்டப்பிள்ளை ஒன்று இறக்கி வைத்தது. மண்ணை எப்படி அணைப்பது என்று அதற்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து அவர் கண்மூடியபோது அது இடுப்பளவு நின்றது.

2023இல் முதற் பாளை வந்தது. குரும்பை கொட்டி முடிய மிஞ்சியது ஒன்பது காய். பிடுங்கிய அன்று மூன்று காய் கரவெட்டிக்குப் போயிற்று. பயற்றங்கொடி இப்போது அந்தத் தென்னையின் அடியில்தான் படர்கிறது. நிழல் கூடிவிட்டதால் இடம் மாற்ற வேண்டும் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.